எத்தனை பேருக்கு நிற்கிறீங்க?

எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தீம் பார்க்கில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்து, போன வருஷம் ஓய்வு பெற்றேன். இப்போது அங்கே சேரும் பிள்ளைகள் எவ்வளவு கூட்டம் வரும் என்ற டிமாண்ட் எஸ்டிமேட் என்றால் கம்ப்யூட்டரைத்தான் பார்க்கிறார்கள். தப்பில்லை. நான் தலை எண்ணும் க்ளிக்கரைப் பார்த்து மோசம் போனவன். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ஜெயன்ட் வீலுக்கு மொபைல் ஆப்பில் ரிசர்வேஷன் ஆரம்பித்த சமயம். அரை மணிக்கு ஒரு ஸ்லாட். அதில் எத்தனை சீட்டை முன்பதிவுக்குக் கொடுப்பது, நேரில் வருகிறவர்களுக்கு எத்தனை வைப்பது? மேனேஜர் அந்தக் கணக்கை என்னிடம் விட்டார். நாலு திங்கட்கிழமை, கையில் க்ளிக்கரோடு வரிசை ஓரத்தில் நின்று தலைகளை எண்ணினேன். இருபது, மிஞ்சினால் இருபத்தைந்து. 'திங்கட்கிழமை கூட்டமில்லை, முக்கால்வாசி சீட்டை ஆப்புக்குக் கொடுக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். எத்தனை பேர் நிஜமாக ஏறினார்கள் என்பது ஆபரேட்டர் ஜெயந்தியின் நோட்டில் இருந்தது. அதைப் புரட்டிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. அவ்வளவு தலைக்கனம்.

ரிசர்வேஷன் தொடங்கிய முதல் திங்கட்கிழமை, சாயங்காலம் நாலு மணிக்கு ஜெயந்தி வாக்கி-டாக்கியில் கூப்பிட்டாள். "சார், சீக்கிரம் வாங்க. இங்க ஒரே பேஜாரா கீது."

வரிசையின் முன்னால் நடுத்தர வயது அம்மா ஒருவர், இடுப்பில் கை வைத்து நின்றார். பெயர் மேரி. காசிமேட்டில் மீன் விற்கிறவர். அவருக்குப் பின்னால் திமுதிமுவென்று வந்து சேர்ந்த பத்துப் பேர்.

"இன்னா சார் இது? ரெண்டு மணி நேரமா ஒத்த ஆளா நின்னுகினு கீறேன். எங்க வூட்ல பதினோரு பேரு. இப்ப வந்து ரெண்டு சீட்டுதான் கீதுன்னா எப்டி?"

"ரெண்டு பேர் இப்ப ஏறுங்கம்மா. மத்தவங்க அடுத்த ஸ்லாட்ல..."

"அடுத்ததுலயும் முன்னாடி நின்னவங்க போவ ரெண்டுதான்னு இந்தப் பொண்ணு சொல்லுது. எம் புள்ள நாளைக்கி கப்பல்ல வேலைக்குப் போறான் சார். ஒம்போது மாசம் கண்ல பாக்க முடியாது. எல்லாரும் ஒண்ணா ஏறணும்னு வந்தோம். ரெண்டு ரெண்டா ஏறதுக்கா வந்தோம்?"

பக்கத்தில் நின்ற மகன், "வுடும்மா, பரவால்ல" என்றான். அவர் விடுகிறவராக இல்லை.

அப்போதுதான் வரிசையைச் சரியாகப் பார்த்தேன். மேரி வீட்டாருக்குப் பின்னால் ஒரு பெரியவர், அவர் காலடியில் நாலு பை. அவருக்கும் பின்னால் ஆளே இல்லாமல் ஒரு குடை. ஒவ்வொரு தலைக்கும் பின்னால் ஒரு வீடே நிழலில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டில் மூச்சுவிட நேரமிருக்காது. அவர்களுக்குத் திங்கள்தான் ஞாயிறு.

எனக்கு வெட்கமாக இருந்தது. நான் தண்டையார்பேட்டையில் பிறந்தவன். தண்ணீர் லாரி வரும் நாளில் எங்கள் தெருவில் ஒரு அக்கா மட்டும் நின்று ஆறு வீட்டுக் குடங்களை நகர்த்திக்கொண்டே வருவாள். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அந்தக் குடங்களுக்கு நடுவே வளர்ந்துவிட்டு, நான் அக்காவை மட்டும் எண்ணி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

தலைக்கு மேலே வீல் சுற்றிக்கொண்டிருந்தது. அதில் பாதி கேபின் காலி. ஆப்பில் புக் செய்த ஒரு கம்பெனிக் கூட்டம் இன்னும் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. காலி கேபினில் இவர்களை ஏற்றலாமா என்று மேனேஜருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"ஸ்லாட் முடியறவரைக்கும் ஹோல்ட் பண்ணுங்க. புக் பண்ணவன் வந்து சண்டை போட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார். தப்பா எண்ணினது நான்தானே" என்று சொல்லிவிட்டு ஜெயந்தியிடம், "ரெண்டு கேபினைத் திற" என்றேன். மேரி வீட்டார் பதினோரு பேரும் ஏறினார்கள். எனக்கு மறுநாள் மெமோ வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரத்திலிருந்து க்ளிக்கரை மேஜைக்குள் போட்டுவிட்டு, வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும் "எத்தனை பேருக்கு நிற்கிறீங்க?" என்று கேட்டு எழுதினேன். இருபது தலை நூற்றுமுப்பது ஆனது. திங்கட்கிழமை ரிசர்வேஷனைக் கால்வாசியாகக் குறைத்தோம். கம்ப்யூட்டர் பிள்ளைகளே, வரிசையில் நிற்கிறவரை எண்ணாதீர்கள், கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

ஆனால் அந்த வேலையை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பாடம் இல்லை. வீலிலிருந்து இறங்கிய மேரி, மகனின் சட்டையைப் பிடித்தபடியே என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது.

"மேலேர்ந்து ஹார்பரு தெரிஞ்சிது சார். கப்பலுங்கோ அல்லாம் இத்துனூண்டுதான் கீது. நான்தான் பெரிசா நெனச்சுகினு பயந்துட்டேன்."