நூலகத்தில் ஓர் உத்தியோகம்

சிவசங்கரன் தினமும் காலையில் சட்டையை உள்ளே விட்டு, சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குக் கிளம்புவார். வேலைதான் இல்லை. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவரை, கம்ப்யூட்டர் வந்ததும் ஆனி மாதமே அனுப்பிவிட்டார்கள். மனுஷன் வீட்டில் மூச்சு விடவில்லை. கடையில் கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தைப் பிய்த்துப் பிய்த்துச் சம்பளம் என்று மனைவி உலகம்மாளிடம் கொடுத்துவந்தார். தாத்தா காலத்து வயலெல்லாம் போய்விட்டது. வீறாப்பு மட்டும் பட்டா மாறாமல் இவர் பேரிலேயே இருந்தது.

வேலை இல்லாத ஆள் பகல் முழுக்க எங்கே உட்காருவது? டீக்கடையில் இரண்டாவது டீக்கு மேல் முறைப்பார்கள். கோயிலில் உட்கார்ந்தால், "என்ன அண்ணாச்சி, கடைக்குப் போவலையா?" என்று நாலு பேர் கேட்பார்கள். கிளை நூலகத்தில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. முதலில் பேப்பரை முகத்துக்கு மறைப்பாகத்தான் பிடித்தார். பிறகு நிஜமாகவே வாசிக்கத் தொடங்கினார். நாவல், சட்டம், மாட்டு வைத்தியம், கையில் அகப்பட்டதெல்லாம். வீட்டில் மாடு இல்லை என்பது வேறு விஷயம்.

எதிர் மேசையில் ஸ்டெபி என்றொரு பெண் அரசாங்கப் பரீட்சைக்குப் படிப்பாள். அவள் வீடு ஒற்றை அறை. அதில் எல்லோரும் படுக்கவே இடம் பற்றாது, இதில் படிப்பது எங்கே?

நூலகத்துக்கு நிதி இல்லையென்று முதலில் பேப்பர்களை நிறுத்தினார்கள். பிறகு, சாயங்காலம் மட்டும் திறந்தால் போதும் என்று பேச்சு வந்தது.

"பகல்ல யாரு வாரான்னு கேக்காவளாம் சார். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். நான் ஒருத்தி சொன்னா எடுபடாது. நீங்களும் வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் ஸ்டெபி.

"அதுக்கென்னம்மா, சொல்லிருவோம்" என்றார்.

சொன்னபடி போகவும் போனார். அதிகாரி மனுவைப் படித்துவிட்டு, "உன்னத் தவிரப் பகல்ல வேற யாரும்மா வாராங்க?" என்று கேட்டார். ஸ்டெபி திரும்பிச் சிவசங்கரனைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு கை அவர் தோளில் விழுந்தது. மகளின் மாமனார், ஏதோ பட்டா மனுவோடு வந்திருந்தார்.

"என்ன சம்பந்தி, இங்கன நிக்கிய? கடைக்கு லீவா?"

"கடைச் சோலியாத்தான் வந்தேன்."

அதிகாரி நிமிர்ந்தார். "ஐயா, நீங்க இந்தப் பொண்ணோட வந்தவரா?"

"இல்ல சார். நான் யாரோ, அவங்க யாரோ."

ஸ்டெபி மனுவை அதிகாரியிடமே விட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனாள். குனிய வேண்டிய தலை அவளுடையது அல்ல. சிவசங்கரன் பின்னாலேயே ஓடி இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் சம்பந்தியோடு காப்பி குடிக்கப் போனார்.

அடுத்த மாதம் நூலகக் கதவில் ‘மாலை மட்டும்’ என்று அட்டை தொங்கியது. அன்று ராத்திரி அவர் சாப்பிட உட்கார்ந்தபோது, உலகம்மாள் குழம்பை ஊற்றிக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"லைப்ரரி இனிமே சாயந்தரந்தானாமே. பகல்ல எங்கன இருப்பிய?"

அவருக்குக் கை அப்படியே நின்றுவிட்டது.

"கடையில நிப்பாட்டுனது ஆடியிலயே தெரியும். நீங்க வெக்கப்படுவியளேன்னு கேக்கல. போய் இருக்க ஒரு எடம் இருக்கேன்னு நானும் நிம்மதியா இருந்தேன்" என்றாள்.

தான் எங்கே போவது என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பிள்ளை இனி எங்கே உட்கார்ந்து படிக்கும் என்றுதான் நினைப்பு ஓடியது. அதைப் போய்க் கேட்கிற யோக்கியதைகூடத் தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.