ஆறாவது வரியில் சேமி

2024.02.27 – பதிவுகள் 118, பிழை 0
2024.03.04 – பதிவுகள் 41, பிழை 6
2024.03.05 – பதிவுகள் 52, பிழை 2
2024.03.06 – பதிவுகள் 97, பிழை 0
2024.03.19 – பதிவுகள் 104, நீக்கப்பட்டவை 17

சண்டிலிப்பாயில் உள்ள விவசாயிகள் சங்கமொன்றின் அலுவலகத்தில், சுபாஜினியின் மேசையிலிருந்த கொப்பியில் இவ்வளவும் எழுதப்பட்டிருந்தன. எழுத்து இடது கைக்குரியது. பதினொரு வயதில், தோட்டத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் பட்டியில் அவளுடைய வலது கை அகப்பட்டது. கை மிஞ்சியது; விரல்கள் மடங்குவதில்லை. இப்போது அவளுக்கு வயது நாற்பத்தாறு. சங்கத்தின் கணினியில் பதிவு செய்வது ஒன்பது ஆண்டுகளாக அவளுடைய வேலை.

மௌஸ் அவளுக்கு ஒத்துவரவில்லை. இடது கையால் அதைப் பிடித்தால் விசைகளை அழுத்தக் கையில்லை. ஆகவே வேலைக்கு வந்த முதல் மாதமே அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். அம்புக்குறி விசை, என்ரர் விசை, இரண்டுமே போதும். பழைய மென்பொருளில் பட்டியலைத் திறந்து அம்புக்குறியை அழுத்தினால் நிற்கும் வரி கருநீலமாக மாறும். எங்கே நிற்கிறோம் என்பது கதவடியிலிருந்து பார்த்தாலும் தெரியும்.

மார்ச் நாலாம் திகதி புதிய மென்பொருள் வந்தது. வெளிர் நிறத்தில் அழகாகத்தான் இருந்தது. மௌஸைக் கொண்டுபோனால் வரி பச்சையாகும். அம்புக்குறியால் போனால் ஒன்றும் மாறாது. எட்டு வரிகளும் ஒரே மாதிரி வெளுத்துப்போய் நிற்கும். ஆறாவது ‘சேமி’. ஏழாவது ‘நீக்கு’. இரண்டுக்கும் ‘உறுதிதானா?’ என்று ஒரே பெட்டிதான் வரும். என்ரரை அழுத்தினால் திரை வெறுமையாகிவிடும்.

முதலிரண்டு நாளும் பிழை விட்டாள். மூன்றாம் நாள் எண்ணத் தொடங்கினாள். அவளுடைய தகப்பன் பொன்னம்பலம் சாக்கில் நெல் அளந்து போடும்போது எண்ணும் முறை அது. முதற் கொத்தை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், இரண்டு, மூன்று என்றுதான் போகும். அம்புக்குறியின் முதல் அழுத்துக்கு முதல் வரி; லாபத்தில் தொடங்கி ஆறில் நிறுத்தி என்ரர். அதற்குப் பிறகு அவளுக்குப் பிழை வரவில்லை.

பத்தொன்பதாம் திகதி பிற்பகல் அவளுக்குக் கைக்கான கிளினிக் இருந்தது. சித்திரையில் கொடுக்கவிருந்த விதை வெங்காயத்துக்கான பட்டியல் முடிய வேண்டிய வாரம் அது. தற்காலிகமாக வேலைக்கு வந்திருந்த தாரிகாவைத் தன் கதிரையில் இருத்தி, லாபத்தில் தொடங்கி ஆறு வரைக்கும் எண்ணி அழுத்தும்படி சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். தாரிகாவின் ஊர் பருத்தித்துறை. தகப்பனுக்குக் கடற்தொழில்.

இருபத்தோராம் திகதி ஆழ்வாப்பிள்ளை என்ற விவசாயி பட்டியலில் தன் பெயரைத் தேடி வந்தார். சங்கத்தில் அங்கத்துவம் பெற்று முப்பத்தொரு வருடம். பெயர் இல்லை.

“பிள்ளை, நான் செத்துப்போனன் எண்டு ஆர் வந்து சொன்னது?” என்று கேட்டார்.

தேடிப்பார்த்தபோது பதினேழு பேர் இல்லை; எல்லாரும் பத்தொன்பதாம் திகதி சுபாஜினியின் கணக்கிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். முகாமையாளர் செல்வநாயகம் சுபாஜினியின் கையைப் பார்த்தார். திங்கட்கிழமையிலிருந்து அவள் களஞ்சியத்துக்குப் போகலாம் என்றும், தாரிகா கணினியில் இருக்கட்டும் என்றும் சொல்லி, அதற்கான கட்டளைக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யக் கொடுத்தார். களஞ்சியத்தில் ஐம்பது கிலோ மூட்டை தூக்கித் தராசில் வைக்க வேண்டும். போ என்பதற்கு அது மரியாதையான சொல் என்று அவளுக்கு விளங்கியது.

அன்று பின்னேரம் தாரிகா சைக்கிளை உருட்டிக்கொண்டு அவளோடு சந்தி வரை நடந்தாள். தான்தான் செய்திருக்க வேண்டும் என்றாள். எப்படி எண்ணினாய் என்று சுபாஜினி கேட்டாள். லாபம் என்று சொல்லி ஒருமுறை அழுத்தி, பிறகு ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் அழுத்தினாளாம். லாபம் என்பது பிள்ளையார் சுழி மாதிரி, எண்ணத் தொடங்க முன்னர் சொல்வது என்று நினைத்தாளாம். இடையில் லாபத்துக்கு அழுத்த மறந்து, சுபாஜினியைப் போல ஆறே தரம் அழுத்தியவையும் உண்டு, அவை தப்பிவிட்டன.

“உங்கடை ஊரிலை மீனை எப்படி எண்ணுறனீங்கள்?”

“ஒண்டிலை இருந்துதான் அக்கா. கடலுக்குள்ளை போய் ஆர் லாபத்தைக் கண்டது?”

சுபாஜினிக்குச் சிரிப்பு வந்தது. கிளினிக் அட்டையில் நேரத்தோடு முத்திரை இருந்தது. அதை நீட்டினால் அவள் தப்பலாம். தற்காலிக வேலைக்காரி வீட்டுக்குப் போவாள். அடுத்தவளுக்கும் அதே வெள்ளைப் பட்டியல்தான் இருக்கும். வாயைத் திறக்காதே என்று தாரிகாவிடம் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு முகாமையாளரைத் தன் கதிரைக்கு அழைத்தாள். திரையில் அவருடைய பதிவு திறந்திருந்தது. அங்கத்துவ இலக்கம் 212.

“சேர், உங்கடை பேர்தான். ஒருக்காச் சேமியுங்கோ.”

அவர் மௌஸைத் தேடினார். இல்லை. அம்புக்குறியை மூன்று நாலு தரம் அழுத்தினார். திரையில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னும் அழுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இப்ப எங்கை நிக்குது?”

“நாலாந் திகதியிலை இருந்து நானும் அதைத்தான் கேக்கிறன், சேர்.”

அவர் என்ரரை அழுத்தினார். பெட்டி வந்தது. மீண்டும் அழுத்தினார். திரை வெறுமையானது. 212ஐத் தேடச் சொன்னாள். அங்கத்தவர் இல்லை என்று வந்தது.

“பதினெட்டாவது ஆள் நீங்கள்,” என்றாள்.

அப்போதுதான் தாரிகா எழுந்து, அன்று அந்தக் கதிரையில் இருந்தது தான் என்று சொன்னாள். செல்வநாயகம் அவளை இருக்கச் சொன்னார். மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதி என்ன பதில் வருகிறது என்று பார்ப்போம், அதுவரை அவரவர் இடத்தில் இருங்கள் என்றார். கட்டளைக் கடிதத்தைக் கிழிக்காமல் இழுப்பறையில் போட்டார். பழைய பேரேட்டிலிருந்து பதினெட்டுப் பெயர்களையும் சுபாஜினி அன்று மூன்று மணிக்குள் திரும்ப ஏற்றினாள்.

மென்பொருள் செய்த கொழும்பு நிறுவனத்துக்கு அவள் ஏப்ரல் இரண்டாம் திகதி எழுதினாள். பெரும்பாலானோர் மௌஸையே பாவிக்கிறார்கள், தாங்களும் பாவிக்கவும் என்று ஏப்ரல் 25இல் பதில் வந்தது. மே ஆறாம் திகதி மறுபடி எழுதினாள். இம்முறை பதினெட்டு இலக்கங்களையும், ஒவ்வொன்றும் நீக்கப்பட்ட நேரத்தையும், முகாமையாளரின் கையொப்பத்தையும் சேர்த்து அனுப்பினாள். அவர் கையொப்பமிட்ட பேனா அவளுடையது. அதைத் திருப்பித் தர மறந்துவிட்டார்.

நிறுவனத்திடமிருந்து வந்த கடைசிக் கடிதம் நாலு வரிதான். அடுத்த பதிப்பில் அம்புக்குறி நிற்கும் வரியைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு வரும். ‘நீக்கு’ பட்டியலின் அடிக்குப் போகும். அதற்கு வேறு பெட்டி வரும். செல்வநாயகம் அதை இரண்டு தரம் வாசித்து, இழுப்பறையைத் திறந்து கட்டளைக் கடிதத்தை எடுத்துக் கிழிக்கச் சொல்லி அவளிடம் நீட்டினார். அவள் கிழிக்கவில்லை. இரண்டையும் சேர்த்துக் கோப்பில் குத்தி, மேல் மூலையில் கடிதம் வந்த திகதியை இடது கையால் எழுதினாள்: 2024.07.11.