மாமா மினுக்கிய வாள்

கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய தளபாடக் கடையில் வாங்கிய ஜப்பானிய வாளின் வயது இன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாள்களைப் பற்றி அறிந்த ஓர் இணையக் குழுவினர், கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் இரும்பைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அங்கே படிந்த துருவைப் பார்த்துத்தான் வயதைக் கணிப்பார்களாம். அதை மட்டும் சுத்தம் செய்துவிடாதே என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள்.

காலையில் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பாண் வாங்கப் போனேன்.

வந்து பார்த்தால், வாள் பல்கனியில் மாமாவின் மடியில் இருந்தது. மனைவியின் தகப்பனார். மாமி காலமான பிறகு நாற்காலியை விட்டு எழும்பாத மனிதர்.

“தம்பி, உம்மை நல்லா ஏமாத்திப்போட்டாங்கள். வெளியில பளபளப்பு, உள்ளுக்க முழுக்கக் கறள். புளியும் தேசிக்காயும் போட்டுத் தேய்ச்சனான். மாமியின்ர குத்துவிளக்கை முந்தி வெள்ளிக்கிழமையில இப்பிடித்தான் மினுக்கிறனான்.”

பக்கத்து வாளியில் சில நூற்றாண்டுகள் புளித்தண்ணீரோடு கலங்கிக் கிடந்தன.

“எப்பிடி இருக்கு?” என்று கேட்டார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி.

“புதுசு மாதிரி இருக்கு மாமா,” என்றேன். ஒரு சேகரிப்பாளன் சொல்லக்கூடிய மிகத் துயரமான வசனம் அது.

மாமா கையைத் துடைத்துக்கொண்டார். “வேற ஏதும் கறள் பிடிச்சது கிடக்கோ? நாளைக்குப் பாப்பம்.”

வெள்ளவத்தைப் பக்கம் யாரிடமாவது துருப்பிடித்த சாமான் இருந்தால் அறியத்தாருங்கள். வயது முக்கியமில்லை.