காவடிக்காரனுக்கு ஐந்து பாட்டில்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு தைப்பூசம். பினாங்கில் என் மனைவியின் தம்பி முதன்முறையாகக் காவடி எடுத்தான். புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை, இருபத்தைந்து வயது, நல்ல திடகாத்திரம். ஆனால் விரதத்தில் பல நாளாக ஒருவேளைச் சாப்பாடுதான். தண்ணீர்மலைக் கோயில் வரை கூடவே நடந்து அவனைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள். அந்த வருடம் ஒரு பந்தலில் மோருக்குப் பக்கத்தில் சின்னப் பழுப்புப் பாட்டில்களில் எனர்ஜி பானம், பெட்டி பெட்டியாக. "குடுங்கண்ணே, தெம்பா மலை ஏறுவாரு லா" என்றார் பந்தல்காரர். நான் கேட்டது ஒரே கேள்வி: "சைவம்தானே?" சைவம்தான் என்றார். விரதம் கெடாது, அது போதும் எனக்கு. அவனுக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் பையிலும் நான்கைப் போட்டுக்கொண்டேன்.

வெயில் ஏற ஏற அவன் நடை தளர்ந்தது. தளர்ந்தபோதெல்லாம் நான் ஒரு மூடியைத் திருகினேன். நான்காவது பாட்டிலுக்குப் பிறகு கை நடுங்கியது, அப்புறம் காலும். "மாமா, நெஞ்சு படபடங்குது" என்றான். பக்கத்தில் வந்த ஓர் அக்கா, "அருள் வந்திருச்சு" என்று கைகூப்பினார். கூட்டம் "வேல் வேல்" என்றது. நானும் தொண்டை கிழியக் கத்தினேன். கத்திவிட்டு ஐந்தாவதையும் அவன் வாயில் வைத்தேன். இதை எழுதும்போதுகூட என்னையே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

மலையடிவாரத்தில் காவடியோடு சரிந்தான். முதலுதவிக் கூடாரத்துத் தாதி நாடியைப் பிடித்ததுமே முகம் மாறினார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். பையைத் திறந்து காலிப் பாட்டில்களைக் காட்டினேன். அதில் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தார்.

"கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல அண்ணே? படிங்க. சத்தமா படிங்க."

ஒரு நாளைக்கு இரண்டு பாட்டிலுக்கு மேல் குடிக்கக் கூடாது. மலாயிலும் இருந்தது, ஆங்கிலத்திலும் இருந்தது. நானோ செபராங் ஜெயாவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. விண்ணப்பப் பாரத்தில் ஒரு கையெழுத்து குறைந்தாலும் ஆளைத் திருப்பி அனுப்புகிற மகா கெட்டிக்காரன்.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டான். பந்தல்காரரைத் தேடிப் போய் விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் சும்மா எழுதுறதுண்ணே, நான் தினம் மூணு குடிக்கிறேன்" என்றார். பாட்டிலைத் திருப்பிக் காட்டினேன், அவர் பார்க்கக்கூட இல்லை.

மைத்துனன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படித்தவன் கொடுக்கிறான் என்று நம்பித்தான் அவன் ஐந்து முறையும் வாயைத் திறந்தான். நெஞ்சு படபடக்கிறது என்று அவன் சொன்னபோது, "வேல் வேல்" என்று கத்திய என் குரல் ஒவ்வொரு தைப்பூசத்திலும் எனக்குக் கேட்கிறது.