வாப்பாவின் கோடு அறும் நேரம்

இங்கிலாந்தின் வடக்கே ஒரு பொதிக் கிடங்கில் வேலை செய்கிறேன். இடைவேளையில் மற்றவர்கள் போனில் பந்தாட்டம் பார்ப்பார்கள்; நான் வாப்பாவின் இதயத்தைப் பார்ப்பேன். இலங்கையின் கிண்ணியாவில் அவர் கையில் கட்டியிருக்கும் ஸ்மார்ட் கடிகாரம் துடிப்பைப் பிடித்து அவருடைய போனுக்குச் சொல்லும். அது என் போன் திரையில் ஒரு கோடாக ஓடும். இங்குள்ளவர்கள் ஓடிய தூரத்தை அளக்கக் கட்டுவதை நான் என்னைப் பெற்ற தகப்பனுக்குக் காவல் வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்தபிறகு அனுப்பியது அது. என் கையிலும் அதே வகைதான்; இரண்டு கோடும் என் போனில் ஒன்றாக ஓடும். "தண்ணி பட்டாலும் ஒண்டும் ஆகாது வாப்பா, கழட்டாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன்.

"கடிகாரத்துக்கு ஒண்டும் ஆகாது மகன். அதுக்குக் கீழ தண்ணி படாட்டி என்ட ஒழு என்னாகிற?" என்று கேட்டார். தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவும் ஒழுவில் ஓர் இடமும் நனையாமல் விடக் கூடாது.

ஐந்து நேரத் தொழுகைக்கும் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் கழற்றி வைப்பார். உடனே கோடு அறும். 'கடிகாரம் கையில் இல்லை' என்று என் போன் கத்தும். முதலில் பதறினேன். பிறகு அந்த இடைவெளிதான் எனக்கு நிம்மதி தந்தது. வாப்பா நடந்து போயிருக்கிறார், குனிந்து கால் கழுவுகிறார் என்று அர்த்தம். கூட வேலை செய்யும் மாகிரெட்டுக்கு இது விளங்கவேயில்லை. கோடு அறும்போதெல்லாம் பாவம் என்று என் தோளைத் தட்டுவாள்.

போன செவ்வாய்க்கிழமை கோடு அறவில்லை. விடிகாலை சுபஹுக்கும் இல்லை, நண்பகல் லுஹருக்கும் இல்லை. துடிப்பு சீர் என்று பச்சை அடையாளம் வேறு. "இன்றைக்கு நல்லா இருக்கிறாரே!" என்று மாகிரெட் சிரித்தாள். எழுந்து நடந்திருந்தால் கழற்றியிருப்பார். வாப்பா போனை எடுக்கவில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கும் தங்கை பரீனாவை அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் ஒருவழியாகப் பிடித்தேன். வாப்பா வீட்டுக்கு ஓடிப்போய் அண்ணனான என்னைப் போனில் கூப்பிட்டாள்.

"நானா, வாப்பா கட்டில்ல கிடக்கார். வலது கை தூக்க ஏலாது, வாயில கதையும் வரல்ல. கடிகாரத்தக் கழட்டப் பார்த்திருக்கார் போல... வாரெல்லாம் பல்லுப் பட்டுக் கிடக்கு."

அவரை ஏற்றிய வாகனம் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டும்போது நான் யாரோ போட்டு ஓட ஆர்டர் செய்த சப்பாத்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். விடுப்பு எடுத்து அறைக்குப் போயும் என்ன செய்வது? ஒரு வாரைக் கழற்றிவிடக்கூடக் கை எட்டாத மகன் நான்.

அங்கே சூரியன் மறைந்து மஃரிப் தொழுகை நேரம். திருகோணமலை ஆஸ்பத்திரியிலிருந்து பரீனா கூப்பிட்டாள். "மணிக்கட்டயே பார்க்கார் நானா. கழட்டி, ஒழு எடுத்து விடவா?"

"ஓம், விடு" என்றேன்.

கோடு அறுந்தது. எட்டிப் பார்த்த மாகிரெட் வாயைப் பொத்திக்கொண்டாள். இல்லை, அவர் இருக்கிறார் என்று சொல்ல வேண்டும். எழுந்து போய்க் குழாயைத் திறந்து, ஒழு எடுக்க என் கடிகாரத்தையும் கழற்றினேன். போன் மறுபடி கத்தியது. திரையில் அவர் கோடும் இல்லை, என் கோடும் இல்லை.