முன்தண்டு

நாற்பது வயதுக்குப் பிறகு வளர்வதென்றால் மனிதன் பக்கவாட்டில்தான் வளரவேண்டும். என் பாதங்களுக்கு இது தெரியவில்லை. காத்தான்குடியில் வழக்கமாகச் செருப்பு வாங்கும் கடைக்குப் போகும்போதெல்லாம் ஓர் அளவு கூடிக்கொண்டே வந்தது. கடைசியில் கடைக்கார நானா என் பாதத்தைக் கவலையோடு பார்த்தார்.

"இனி நம்மட கடையில சரிவராது தம்பி. தோணிதான் பாக்கோணும்."

கல்யாண மோதிரத்தை அறுத்துத்தான் கழற்றினார்கள். தாடை நாடியோடு முன்னுக்கு வந்தது. பற்களுக்கிடையே இடைவெளி விழுந்தது. நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று ஊர் முடிவு செய்தது. என் மனைவி அதைத் தன் சமையலுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

எங்களுடையது வாவிக்கரை ஊர். மாதா கோயில் திருநாளில் சொரூபத்தை மரக்கூட்டில் வைத்து, அதன் தண்டுகளைத் தோளில் சுமந்து வருவோம். முன்தண்டு யாருக்கு என்பதைக் கோயில் மூப்பர் தீர்மானிப்பார். ஆட்களை நிறுத்தி மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பார். தடித்த மணிக்கட்டு முன்னுக்கு, மெலிந்தது பின்னுக்கு. பள்ளிக்கூடத்தில் கிளித்தட்டு விளையாடக்கூட என்னை யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. போன வருடம் மூப்பரின் விரல்கள் என் மணிக்கட்டைச் சுற்றி எட்டவில்லை.

"இது கையில்லடா, பனங்குத்தி. நீதான் முன்னுக்கு."

மதகடியில் வீதி இறங்குகிறது. பாரம் முழுவதும் முன்தண்டுக்கு வந்தபோது, என் நடுமுதுகில் பப்படம் நொறுங்குவதுபோல ஒரு சத்தம். எனக்கு மட்டும்தான் கேட்டது. மாதாவைக் கீழே போடமுடியுமா? கண்ணீர் வழிய வழியக் கோயில்வரை சுமந்தேன். வழியில் நின்ற ஒரு பெண் தன் மகளுக்கு என்னைக் காட்டினாள்.

"பாரு மகள், எவ்வளவு பக்தி."

எண்ணெய் பூசியும் பத்தியம் இருந்தும் ஒன்றும் சரிவராமல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் எக்ஸ்ரேயைப் பார்க்கும் முன்பே என் கைகளைப் பார்த்துவிட்டார். முதுகெலும்பில் ஒன்று நசுங்கியிருந்தது. மூளைக்கு அடியில் கடலையளவு சுரப்பி, அதில் ஒரு கட்டி. அது வளர்ச்சி ஹோர்மோனை அளவில்லாமல் ஊற்றியிருக்கிறது. வெளியே தடித்த எலும்பு, உள்ளே ஓயாமல் இடித்து இடித்துக் கட்டியதில் பலமிழந்துவிட்டது. அடர்த்தி அளக்கும் ஸ்கேன்கூட, பாவம், எனக்கு நற்சான்றிதழ்தான் தந்தது. எலும்பைக் காக்கும் ஆண் ஹோர்மோனையும் அந்தக் கட்டி நெரித்திருக்கலாம் என்ற டொக்டர், குரலைத் தாழ்த்தினார்.

"அந்த விசயத்தில ஏதும் குறை இருக்கா?"

நான் மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி பதில் சொன்னாள்.

"இவர் கொஞ்ச வருசமா நல்ல பிள்ளை, டொக்டர்." பிறகு, நிலத்தைப் பார்த்தபடி, "என்னைப் பிடிக்காமப் போச்செண்டு நெனச்சன்" என்றாள்.

கொழும்பில் மூக்கு வழியாகக் கட்டியை எடுத்தார்கள். ஆண்மை இப்போது ஊசியில் வருகிறது. நசுங்கிய எலும்பு நிமிரவில்லை, மணிக்கட்டும் சிறுக்கவில்லை. பாரம் தூக்கினால் அடுத்த எலும்பும் போகும், நடக்க ஏலாமலும் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

இந்த வருடத் திருநாளுக்கு முன் மூப்பர் வீட்டுக்கு வந்தார்.

"முன்தண்டுக்கு வாறதானே தம்பி?"

"ஏலாது மூப்பர். எலும்பு சரியில்ல."

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "இதுவா சரியில்ல? அப்ப எங்கடயெல்லாம் ஈர்க்கா?"

முழுக் கதையையும் சொன்னால் நம்பியிருப்பார். ஆனால் அதில் பாதி ஊசியின் கதை. பொழுதுபடுமுன் அது மீன் சந்தைக்குப் போய்விடும். அங்கே மீன் வாங்கப் போகிறவள் என் மனைவி. அவள் மூப்பருக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலாது" என்றேன் மறுபடியும்.

"மாதாவுக்குத் தோள் குடுக்க மனமில்லாட்டி நான் என்ன செய்ய?"

தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

திருநாளன்று, என்னில் பாதி மணிக்கட்டுள்ள ஒருவர் முன்தண்டைப் பிடித்தார். நான் வயதான பெண்களோடு பின்னால் நடந்தேன். யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. மதகடிக்கு அப்பால் நடக்க முதுகு விடவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி மெதுவாக மதகின் கட்டுமேல் உட்கார்ந்தேன். அதே பெண் மகளோடு என்னைக் கடந்து போனாள்.

"ஏனம்மா இந்த மாமா இந்த முறை தூக்கல்ல?"

"பஞ்சி பிடிச்ச சோம்பேறி, மகள். சும்மா வளர்ந்த உடம்பு."