சும்மாதான் கூப்பிட்டேன்

என் வீட்டுக்காரர் பெயர் சுடலை. வாயால் சொல்ல மாட்டேன். எழுதினால் குற்றமில்லை என்று நினைக்கிறேன், சாமிக்குத்தான் தெரியும்.

தேவிகுளத்துப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட். விடிந்தால் பெரட்டு. ஆட்கள் வரிசையாக நிற்க, சூப்பர்வைசர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "ஆஜர் ஐயா" என்று சொல்லிவிட்டு அன்றைய வேலைக்குப் போக வேண்டும். கல்யாணமாகி வந்ததிலிருந்து பார்க்கிறேன், இவர் பெயர் பிறத்தியார் வாயில் வருவது அங்கே மட்டும்தான். தானாகப் போய் யாரிடமும் பேசாத மனிதர்.

அவருக்குப் போய் ரேடியோ ஆசை வந்தது. சாந்தன்பாறை சுவக்கீன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுகிறவர். லைசென்ஸ் எடுத்து, முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோவும் வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போடிமெட்டில் ஜீப்பை நிறுத்தி, கைக்குள் அடங்கும் அந்தப் பெட்டியை இவர் காதருகே பிடித்திருக்கிறார். கீழே போடியிலிருந்து பூபதிராஜா என்பவர் பேசினாராம். அங்கே மழை இல்லையாம், மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறதாம். பிறகு, "மலை மேல யாராச்சும் இருக்கீகளா?" என்று கேட்டாராம்.

"நான் இருக்கேன்னு சொல்லட்டா?" என்று இவர் கேட்க, சுவக்கீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கேக்கலாம் அண்ணே, பேசணும்னா லைசென்ஸ் வேணும். என் பொண்டாட்டி கையிலகூட குடுக்க மாட்டேன். குடுத்தா பின்ன எனக்குத் திரும்பி வராது."

வீட்டுக்கு வந்தவர் கஞ்சியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"வேலுத்தாயி, அவங்க எதுக்குக் கூப்பிடுறாங்க தெரியுமா? ஒண்ணுக்கும் இல்ல. சும்மா! என்னையும் ஒருநா அப்படி யாராச்சும் கூப்பிடணும்."

பத்தாவது வரை படித்தவர். லைசென்ஸ் பரீட்சையிலோ கேள்வியெல்லாம் இங்கிலீஷில். ஃபேக்டரியில் இலை காயும் சூட்டில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தார். நான் முருகனுக்கு நேர்ந்துகொள்ள, திருவனந்தபுரம் போய் எழுதினார். தேறவில்லை.

"உன் முருகனுக்கு கரண்டு கணக்கு வராதோ?" என்று என்னைக் கேட்டார்.

"நீங்க போட்டாத்தான அவர் பாக்க முடியும்?"

இரண்டாம் முறை தேறினார். ஆனால் லைசென்ஸ் கைக்கு வருவதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. அதுவரை ஞாயிறு தவறாமல் போடிமெட்டுக்குப் போவார். பூபதிராஜா பேசப் பேச இவர் உதடும் அசையுமாம், சத்தம் வராதாம். சுவக்கீன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஒருவழியாக லைசென்ஸ் வந்தது. எழுத்தும் எண்ணுமாக, ரேடியோவில் பெயர்போலச் சொல்ல, இவருக்கென்று ஓர் அழைப்புக்குறி. அந்த ஞாயிறு முருகனுக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நானும் கூடப் போனேன்.

மேகம் விலகி, கீழே ஊர் விளக்குகள் தெரிந்தன. பெட்டியில் பூபதிராஜா குரல் வந்தது. "மலை மேல யாராச்சும் இருக்கீகளா? யாரா இருந்தாலும் பேசுங்க."

இவர் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். பேசவில்லை. மறுபடி குரல் வந்தது. அப்போதும் பேசவில்லை.

"இன்னைக்கு ஆருமில்ல போல" என்றது குரல்.

"எந்தா அண்ணே! வாய் எங்க போச்சு?" என்று சுவக்கீன் கத்தினார்.

"என் பேர இன்னும் கூப்பிடலையே."

சுவக்கீன் தலையில் அடித்துக்கொண்டார். "இது பெரட்டு இல்ல அண்ணே! இங்க நம்ம பேர நாமதான் முதல்ல சொல்லணும்!"

இவர் பொத்தானை அழுத்தி, தன் அழைப்புக்குறியை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். விரலை எடுத்தார். வெறும் இரைச்சல். பூபதிராஜா தன் பெட்டியை அணைத்துவிட்டுப் போயிருப்பாரோ? இவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தாலியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன்.

இரைச்சலுக்குள்ளிருந்து அந்த எழுத்துகள் பூபதிராஜா குரலில் ஒன்று தப்பாமல் திரும்பி வந்தன.

"ஆஜர் ஐயா!" என்றார் இவர்.

கீழே சிரிப்புச் சத்தம். "ஐயாவெல்லாம் எதுக்குண்ணே? பேரென்ன?"

"சுடலை."

"சுடலையண்ணே, வேல ஒண்ணுமில்ல. சும்மாதான் கூப்பிட்டேன்."

இவர் பொத்தானை மறந்து பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டார். பதில் சொல்லட்டுமா என்று நான் பெட்டிப் பக்கம் குனிந்தேன்.

"சேச்சிக்கு லைசென்ஸ் இல்ல" என்று சுவக்கீன் கையை நீட்டித் தடுத்தார்.

கீழேயிருந்து இவர் பெயர் மறுபடியும் வந்தது.